சிவப்புப் பெட்டி காலியாக இருக்கும் வாரம்

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 27. ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான்கு வருடமாக காண்ட்ராக்டில் வெல்டிங் லைனில் நிற்கிறார். இதற்குள் இரண்டு முறை ஆள் அனுப்பும் ஏஜென்சி மாறிவிட்டது. லைன் அதேதான், மெஷின் அதேதான். காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் தேதி நெருங்கினாலே தூக்கம் போய்விடுகிறதாம். ஒரு மாதமாகக் கை தவறுகிறது, சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார். "இந்த நிலையில் மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? என் திறமை குறைந்துவிட்டதா?" என்பது அவர் கேள்வி. அதற்குக் கீழே, போகிற போக்கில் எழுதியதுபோல் ஒரு வரி: போன வாரம் சீட் பிராக்கெட்டில் (கார் சீட்டைத் தாங்கும் பாகம்) ஒரு ஸ்பாட் வெல்டிங் விடுபட்ட பத்துப் பீஸ் நல்ல பீஸோடு கலந்து போய்விட்டது, யாருக்கும் தெரியாது, சொல்லலாமா வேண்டாமா.

தம்பி, கேள்வியை மூன்று முறை படித்தேன். சமாளிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்தக் கடைசி வரி என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டும் ஒரே விஷயம் என்பது என் கருத்து. எப்படி என்று கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இருபது வருடம் இருந்தேன். முதல் எட்டு வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன், அப்புறம் பெர்சனல் டிபார்ட்மென்ட். அதாவது முதலில் பீஸை ரிஜெக்ட் செய்தேன், பிறகு ஆளை. இப்போது ஓய்வில் இருக்கிறேன். வாலாஜாபாத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) மனுக்கள் எழுதிக் கொடுக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. கீழே சொல்வதில் படித்தது எது, கண்ணால் பார்த்தது எது, என் ஊகம் எது என்று பிரித்தே சொல்கிறேன்.

உங்கள் திறமை குறையவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்கு வருடம் ஸ்பாட் கன் பிடித்த கை ஒரே மாதத்தில் மறந்துபோகாது. குறைந்திருப்பது கவனம். அதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் ஒரே மாதிரியான புத்திசாலித்தனப் பரீட்சையை இரண்டு முறை வைத்துப் பார்த்தார்கள்: கரும்பு வெட்டுவதற்கு முன்னால், கையில் காசில்லாமல் நகை அடகில் இருக்கும் நேரத்தில் ஒரு தடவை, வெட்டிப் பணம் வந்த பிறகு ஒரு தடவை. அதே ஆள், அதே மூளை, ஆனால் பணம் வந்த பிறகு மார்க் கூடியிருந்தது. 2013இல் வெளிவந்த ஆய்வு இது. கவலை மூளையில் இடம் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கிறது, மிச்ச இடத்தில்தான் மற்ற வேலையெல்லாம் நடக்கிறது என்பதுதான் அதன் சாரம். அந்த ஆய்வைச் செய்தவர்கள் படிப்பைப் பற்றியோ திறமையைப் பற்றியோ குறை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒடிசாவில் இன்னொரு ஆய்வு நடந்தது, அது உங்கள் வேலைக்கு இன்னும் பக்கம். இலையைத் தைத்துத் தட்டு செய்யும் தொழிலாளர்கள், தைக்கிற எண்ணிக்கைக்குக் கூலி. சிலருக்கு மட்டும் சேர வேண்டிய கூலியில் ஒரு பகுதியைச் சில நாள் முன்கூட்டியே கொடுத்தார்கள். கூலி ஒரு பைசா கூடவில்லை, கைக்கு வந்த நாள்தான் மாறியது. காசு கைக்கு வந்த பிறகு அவர்கள் தைத்த தட்டுகள் சுமார் 7% கூடின, தவறும் குறைந்தது. வேகமாகச் செய்தால் தவறு கூடும் என்றுதானே நாம் நினைப்போம்? அங்கே இரண்டும் சேர்ந்து நல்ல பக்கம் போனது. இது பணக் கவலை பற்றியது, வேலை போகுமோ என்ற பயம் பற்றியது இல்லை என்று சிலர் சொல்லலாம். சுங்குவார்சத்திரத்தில் ஐந்து பேர் ஒரு ரூமில் இருந்துகொண்டு பைக்குக்கு மாதத் தவணை கட்டுகிற பையனுக்கு அந்த இரண்டும் வேறு வேறா என்ன.

சரி, வேலை நிரந்தரமில்லை என்ற பயம் வேலையைக் கெடுக்கிறதா? இதில்தான் உறுதியானது எது, இழுபறியானது எது என்று பிரிக்க வேண்டும். 2002இல் ஸ்வீடனைச் சேர்ந்த மேக்னஸ் ஸ்வெர்கே என்பவரும் அவர் கூட்டாளிகளும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசினார்கள். பயம் இருக்கும் இடத்தில் வேலையில் திருப்தி குறைகிறது, கம்பெனி மேல் ஒட்டுதல் குறைகிறது, உடம்பும் மனசும் கெடுகிறது. இதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் வேலையின் அளவு குறைகிறதா என்று பார்த்தால் அவ்வளவு தெளிவாக இல்லை. சில இடத்தில் குறைந்தது, சில இடத்தில் குறையவில்லை. பிற்பாடு வந்த அலசல்கள் கெடுதல் பக்கமே அதிகம் சாய்கின்றன என்றாலும், ஆளுக்கு ஆள், தொழிலுக்குத் தொழில் வித்தியாசம் பெரிது.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அளப்பவர் எதை அளக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. அதே 2002இல் டஹிரா புரோப்ஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சோதனை வெளியிட்டார். ஒரு குழுவிடம் "ஆட்குறைப்பு இருக்கும்" என்று சொல்லி வேலை கொடுத்தார், இன்னொரு குழுவிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. பயந்த குழு அதிக பீஸ் செய்தது. ஆனால் தரம் குறைந்தது, பாதுகாப்பு விதிகளை அதிகமாக மீறியது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் மேனேஜருக்கு, பயமுறுத்தினால் வேலை நடக்கிறது என்றுதானே தோன்றும்?

நான் பார்த்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் லைன் ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கும், உங்கள் இடத்திலும் இருக்கும். தப்பான பீஸை அதில் போட்டு டேக் எழுத வேண்டும். இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தபோது தினமும் ஷிப்ட் முடிவில் அதை எண்ணுவது என் வேலை. காண்ட்ராக்ட் ஆட்கள் அதிகம் நின்ற லைனில் சாதாரண நாளில் நாலு, ஐந்து, சில நாள் எட்டுப் பீஸ் கிடக்கும். யார் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படும் என்ற லிஸ்ட் ஏஜென்சியிலிருந்து வரும் வாரம் மட்டும் பெட்டி காலி. சுத்தமாகக் காலி. முதல் வருடம் நான் அதைப் பார்த்து, பையன்கள் அந்த வாரம் கவனமாக வேலை செய்கிறார்கள் என்று நினைத்து ரிப்போர்ட்டில் பாராட்டியே எழுதினேன். இரண்டு மூன்று வாரம் கழித்து கஸ்டமர் கம்பெனியிலிருந்து கம்ப்ளைன்ட் வரும். பீஸ் எந்தத் தொகுப்பில் செய்தது என்று காட்டும் லாட் நம்பரைப் பிடித்துப் பின்னால் போனால் சரியாக அந்த லிஸ்ட் வாரத்தில் வந்து நிற்கும். இந்தக் கணக்கு என் மண்டையில் ஏற இரண்டு வருடம் ஆனது.

ஒரு முறை ஒரு பையன் நாலு பீஸை யூனிஃபார்ம் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்து, கேட்டில் செக்யூரிட்டியிடம் மாட்டிக்கொண்டான். திருட்டு என்று என் டேபிளுக்கு வந்தது. நான் அப்போது பெர்சனலுக்கு மாறிவிட்டேன். பீஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாமே ஓட்டை தள்ளி விழுந்தவை, காயலான் கடையில் போட்டால் ஒரு டீக்குக்கூட ஆகாது. திருட வரவில்லை, சிவப்புப் பெட்டியில் போட பயந்து வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான். "எத்தனை நாளா?" என்று கேட்டேன். "ரூம்ல ஒரு பை இருக்கு சார்" என்றான். திருட்டு என்றே ஃபைலை மூடி அவனை அனுப்பிவிட்டோம். கையெழுத்துப் போட்டது நான். அந்தப் பையைப் பற்றி இருபது வருடத்தில் எந்த மீட்டிங்கிலும் நான் பேசியதில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: காண்ட்ராக்ட் ஆள் குறைவாக வேலை செய்வதில்லை, பல நேரம் அதிகமாகவே செய்கிறான். ஆனால் அவன் ஒளிக்கிறான். தப்பான பீஸை ஒளிக்கிறான், விரல் நசுங்கினால் துணி சுற்றி ஒளிக்கிறான், காய்ச்சலை மாத்திரை போட்டு ஒளிக்கிறான், தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுகிறான். விபத்தைச் சொல்லாமல் மறைப்பது வேலை பயம் உள்ளவர்களிடம் அதிகம் என்று இத்தாலியிலும் அமெரிக்காவிலும் தொழிலாளர்களைக் கேட்டுச் செய்த ஆய்வும் இருக்கிறது. பயத்தால் வேலைக்கு வரும் நஷ்டம் இந்த ஒளிவில்தான் இருக்கிறது, அது எந்த உற்பத்திக் கணக்கிலும் வராது. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லும் மேனேஜர்களிடம் நான் சண்டை போடுவது இதற்காகத்தான். அக்கறை இல்லாதவன் எதற்கு ஒளிக்கப் போகிறான்?

இன்னொரு விஷயம், உங்களுக்கு நேராகப் பொருந்தும். ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் பார்த்தபோது, வேலை போகுமோ என்ற பயம் பெர்மனன்ட் ஆட்களைத்தான் அதிகம் பாதித்தது, தற்காலிக ஆட்களை அவ்வளவாக இல்லை. காரணம் எளிது: இது தற்காலிகம்தான் என்று தெரிந்தே வந்தவனுக்கு ஏமாற்றம் குறைவு. அப்படியென்றால் உங்களுக்கு ஏன் இவ்வளவு அடி? "நல்லா வேலை பாரு, பெர்மனன்ட் பண்ணிடுவோம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கேள்வியில் நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் நான்கு வருடம் ஒரே லைனில் நிற்பவரிடம் அதைச் சொல்லாத கம்பெனியை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வாக்குதான் உங்களைக் காண்ட்ராக்ட் சம்பளத்தில் பெர்மனன்ட் ஆளின் மனசோடு வேலை செய்ய வைக்கிறது. சம்பளம் அங்கே, பயம் இங்கே. இது என் ஊகம், ஆய்வு இல்லை. ஆனால் திண்ணைக்கு வந்து அழுதவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்று வருடத்துக்கு மேல் நின்றவர்கள்தான், ஆறு மாதக்காரர்கள் இல்லை.

நீங்கள் தனி ஆள் இல்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்புப்படி, 2000ஆம் ஆண்டு வாக்கில் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவர் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர். இப்போது ஐந்தில் இருவர். பெர்மனன்ட் என்பதும் கல்லில் வெட்டியது இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பரில் நின்றது, மறைமலைநகர் ஃபோர்டு 2022இல் கார் செய்வதை நிறுத்தியது. இரண்டு இடத்திலும் பெர்மனன்ட் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு உட்கார்ந்து பேச ஒரு மேசை இருந்தது, செட்டில்மென்ட் என்று ஒன்று இருந்தது. உங்களுக்கு சனிக்கிழமை சாயங்காலம் ஏஜென்சிக்காரரிடமிருந்து போன், அவ்வளவுதான். 1984இல் கிரீன்ஹால்க், ரோசன்பிளாட் என்ற இருவர் இந்தப் பயத்தை இரண்டு பாகமாகப் பிரித்தார்கள்: என்ன போய்விடும் என்பது ஒன்று, போகும்போது நம்மால் எதுவும் செய்ய முடியாது என்பது இன்னொன்று. முதல் பாகத்தை நீங்களோ நானோ மாற்ற முடியாது. இரண்டாவதில் கொஞ்சம் கை வைக்கலாம்.

மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டீர்களே. நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது ஓடுவது. ஓ.டி. என்றால் முதல் ஆளாகக் கை தூக்குவது, ஞாயிற்றுக்கிழமையும் வருவது, தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட அரை நாள்தான் லீவு. இது மூன்று நான்கு மாதம் தாங்கும். அதற்குப் பிறகு கை தவற ஆரம்பிக்கும், நீங்கள் இப்போது நிற்கும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன். சிலர் ஆளைப் பிடிப்பார்கள்: சூப்பர்வைசருக்கு டீ, அவர் வீட்டு விசேஷத்துக்கு வேலை. அந்த சூப்பர்வைசர் மாற்றலாகிப் போன அன்றைக்கு இவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. சிலர் மனசை எடுத்துவிடுவார்கள், "நமக்கென்ன, சம்பளம் வந்தா சரி" என்று. கேட்க அசட்டையாக இருக்கும், ஆனால் உண்மையைச் சொன்னால் இவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், பீஸும் சுமாராகத்தான் போகும், மோசமாகப் போகாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

நன்றாகத் தாக்குப்பிடித்தவர்கள் என்று யோசித்தால் எனக்கு நினைவுக்கு வருவது வேறு ஒரு வகை. இவர்கள் தைரியசாலிகள் இல்லை, தாள் சேர்ப்பவர்கள். ஒரு செய்யாறு பையன் இருந்தான், கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வந்து போவான். அவனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்தத் தேதி எந்த ஷிப்ட், யார் வேலை சொன்னார், எத்தனை மணி நேரம் ஓ.டி., எந்த மெஷின் என்று தினமும் பஸ்ஸிலேயே எழுதிவிடுவான். ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டையும் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிடுவான். அவன் காண்ட்ராக்ட் கடைசியில் புதுப்பிக்கப்படவில்லை. ஆனால் பி.எஃப். கட்டாமல் விட்ட ஏழு மாதத்தை அந்த நோட்டை வைத்தே கட்ட வைத்தான். முக்கியமாக, அந்த லிஸ்ட் வாரத்தில் அவன் சிவப்புப் பெட்டியில் பீஸ் போட்டுவிட்டு டேக் எழுதிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நோட்டுக்கும் டேக்குக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன், நிரூபிக்க முடியாது.

அதனால் நீங்கள் செய்யக்கூடியது. பி.எஃப். பாஸ்புக்கை இன்றைக்கே போனில் பாருங்கள். ஏஜென்சி மாறியபோது புது யு.ஏ.என். நம்பர் (பி.எஃப். கணக்குக்கான ஆள் எண்) போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். ஒருவருக்கு ஒரே நம்பர்தான் இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் கட்டாமல் விட்டால் வேலை வாங்கிய கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. சம்பளம் நின்றாலும் அப்படியே. இ.எஸ்.ஐ.யை வேலை நின்ற மறுநாளே செத்துவிடும் என்று நினைத்துப் பலர் அட்டையைத் தூக்கிப் போடுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று ஆறு ஆறு மாதக் கணக்கு அது. ஒரு ஆறு மாதத்தில் 78 நாள் கட்டியிருந்தால் அதற்குரிய அடுத்த பலன் காலம் முடியும் வரை மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம். வேலையில் இருக்கும்போது காய்ச்சல் என்றால் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி லீவு எடுங்கள், சம்பளத்தில் 70% வருடத்துக்கு 91 நாள் வரை வரும். மாத்திரை போட்டுக்கொண்டு ஸ்பாட் கன் பிடிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

480 நாள் கதையையும் சொல்லிவிடுகிறேன், லைனில் நிச்சயம் காதில் விழுந்திருக்கும். 1981ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. சட்டம் உண்மை. ஆனால் "இவர் எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்டர் ஆள்" என்று கம்பெனி சொல்லும். காண்ட்ராக்ட் பெயருக்குத்தான், வேலை சொல்வது, லீவு கொடுப்பது, திட்டுவது எல்லாம் கம்பெனிதான் என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். 2001இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், காண்ட்ராக்ட் முறைக்குத் தடை வந்தாலே ஆட்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள், ஆனால் காண்ட்ராக்ட் போலி என்று தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் வேறு கதை என்று சொல்லிவிட்டது. செய்யாறு பையனின் நோட்டு எதற்கு என்று இப்போது புரிகிறதா? தற்காலிக ஊழியரை நிரந்தரமாக்குவது பற்றிய 2006 உமாதேவி தீர்ப்பைக் காட்டி யாராவது பேசினால் விட்டுவிடுங்கள், அது அரசு வேலைக்கு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று வாட்ஸப்பில் ஓடுவது, குறிப்பிட்ட காலத்துக்கென்று நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு. காண்ட்ராக்டர் மூலம் உள்ளே போனவருக்கு அது அப்படியே பொருந்திவிடாது. வழக்கு என்று இறங்குவதானால் ஒரு தொழிலாளர் வக்கீலிடம் போங்கள், என் திண்ணை போதாது. வருடக்கணக்கில் இழுக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

பணத்தில் ஒரே ஒரு யோசனை. ஓ.டி. பணத்தை நம்பித் தவணை எடுக்காதீர்கள். அடிப்படைச் சம்பளத்துக்குள் வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது அடங்க வேண்டும், ஓ.டி. வந்தால் தனிக் கணக்கில் போடுங்கள். இரண்டு மாத வாடகை அதில் சேர்ந்துவிட்டால் சனிக்கிழமை சாயங்காலம் போன் அடிக்கும்போது நெஞ்சு அடைப்பது கொஞ்சம் குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன், போய்விடாது.

தூக்கம் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது. ராத்திரி சி ஷிப்டிலிருந்து காலை ஏ ஷிப்டுக்கு மாறும் வாரத்தில் தூக்கம் கெடுவது எல்லாருக்கும் உண்டு, அது வேறு. ஆனால் ஷிப்ட் எதுவானாலும் இரண்டு மூன்று வாரமாகத் தூங்க முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்பதுபோல் யோசனை வருகிறது என்றால் இந்தப் பதிலை இங்கேயே மூடிவிட்டு 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலும் கேட்கலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, எங்கள் கம்பெனி மேனேஜர்களும் இந்த மாத்திரை சாப்பிட்டார்கள், அவர்கள் ரூமில் கதவு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கவனம் திரும்பும் வரை கையை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு ஸ்பாட் அடித்ததும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து வாய்விட்டு எண்ணுங்கள்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பக்கத்து ஆள் சிரித்தால் சிரிக்கட்டும். பீஸுக்கு மூன்று நொடி கூடும். டார்கெட் இடித்தால் லைன் லீடரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

அப்புறம் அந்தப் பத்துப் பீஸ். சொல்லுங்கள் என்பதுதான் என் பதில். நிச்சயமாக நல்லது நடக்கும் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். சொன்னதற்காகவே லிஸ்டிலிருந்து பெயர் எடுக்கப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். சொல்லாமல் பிறகு லாட் நம்பரில் மாட்டியவர்கள் அதைவிட அதிகம், அவர்களில் யாரும் தப்பியதாக எனக்கு நினைவில்லை. கணக்கு உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அது சீட் பிராக்கெட். வண்டி மோதும்போது நாலு ஸ்பாட் தாங்க வேண்டியதை மூன்று ஸ்பாட் தாங்கப் போகிறது, அந்த சீட்டில் யாரோ உட்காரப் போகிறார்கள்.

எப்படிச் சொல்வது என்பதில் கொஞ்சம் சூது இருக்கிறது. லைனில் எல்லார் முன்னாலும் வேண்டாம். ஷிப்ட் ஆரம்பிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் குவாலிட்டி இன்ஸ்பெக்டரிடம் போங்கள், முடிந்தால் லைன் லீடரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். "தப்பு பண்ணிட்டேன் சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். தேதி, ஷிப்ட், டிராலி அல்லது லாட் நம்பர், எந்தப் பக்கத்து ஸ்பாட், உத்தேசமாக எத்தனை பீஸ், இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். "இந்த லாட்டை சார்ட்டிங் பண்ணணும் சார், மூணாவது ஸ்பாட் விட்டிருக்கு" என்று சொன்னால் போதும். அவருக்கு அது தலைவலி இல்லை, அவர் தலையைக் காப்பாற்றும் தகவல். கஸ்டமர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானே கண்டுபிடித்ததாக அவர் ரிப்போர்ட் எழுதிக்கொள்ளலாம். எழுதிக்கொள்வார். எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தாளை மட்டும் கொடுப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது என்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் அந்த மாதிரிப் பீஸ் சில நாள் ஸ்டோரில் கிடந்துதான் வண்டி ஏறும். உங்கள் டிராலி இன்னும் உள்ளேயே நிற்க வாய்ப்பிருக்கிறது. நாளை எந்த ஷிப்ட் உங்களுக்கு?